மல்லீன் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறோம். வீட்டு முன்புறம், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய சரளை மண்ணில் சில வருடங்களாக மல்லீன் வளர்க்கிறேன். கோடையில் ஏழடி உயரத்துக்குத் தண்டு எழும்பி நிற்கும்போது, வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். "இது என்ன செடி, தானா முளைச்சதா, இருமலுக்கு நல்லதாமே" என்று தொடங்கும் கேள்விகளும், ஊரிலிருந்து போனில் கேட்கப்பட்டவையும், நான் சொன்ன பதில்களும் இங்கே.

மல்லீன் என்றால் எந்தச் செடி? தமிழில் பெயர் இருக்கிறதா?

குளிர் நாடுகளில் ரயில் பாதை ஓரம், நெடுஞ்சாலை மேடு, உழாமல் போட்ட நிலம் என்று வெயில் நேராக விழும் மொட்டை மண்ணில் முளைக்கும் செடி. அடியில் முழ நீளத்துக்கு இலைகள். எருக்கிலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் வெள்ளையாக ஒரு பஞ்சுப்பூச்சு கையில் தட்டுப்படும் இல்லையா, அதையே பல மடங்கு தடிப்பாக்கி, இலையின் இரண்டு பக்கமும் அப்பியது போல இருக்கும். நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு எழும்பும். அதன் உச்சியில் கம்பங்கதிர் போல நெருக்கமாக மொட்டுகள் வைத்து, மஞ்சளாகப் பூக்கும்.

தாவரவியல் பெயர் வெர்பாஸ்கம் தாப்சஸ். 1753ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகள் இதன் சொந்த ஊர். வட அமெரிக்காவுக்கு 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தது. இமயமலையிலும் இயல்பாக வளர்கிறது. காஷ்மீர், ஹிமாச்சல் பக்கம் சுற்றுலா போனவர்கள் மலைச்சாலை ஓரங்களில் பார்த்திருக்கலாம். அங்கே இதை 'கீதட் தம்பாக்கு' என்கிறார்கள், அதாவது நரிப் புகையிலை. இலையைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

தமிழில் வழக்கில் உள்ள பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. மல்லீன் என்று எழுதினால் மல்லி நினைவுக்கு வருகிறது, முல்லீன் என்று எழுதினால் முல்லை. இரண்டோடும் இதற்குக் குடும்ப உறவு கிடையாது, மணமும் சொல்லும்படி இல்லை. ஆங்கில உச்சரிப்புக்கு நெருங்கி வருவதால் மல்லீன் என்றே எழுதுகிறேன்.

எத்தனை வருடம் இருக்கும்?

இரண்டு வருடம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி வளர்ப்பு முறை தானாக விளங்கிவிடும்.

முதல் வருடம் தண்டே வராது. மண்ணோடு மண்ணாகப் படர்ந்த இலைவட்டம் மட்டும்தான். பார்க்க ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் செடி கீழே முள்ளங்கி போல ஓர் ஆணிவேரை இறக்கி, அதில் சாப்பாடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுவதும் அதே இலைவட்டமாகவே கிடக்கும். அந்தக் குளிரைத் தாண்டினால்தான் பூக்க வேண்டும் என்ற கட்டளை செடிக்குள் பிறக்கிறது. இரண்டாம் வருடம் வசந்தம் வந்ததும் நடுக்குருத்து நிமிர்ந்து தண்டாகும், கோடையில் பூக்கும், விதை வைக்கும், அத்தோடு வேர் வரைக்கும் காய்ந்து செத்துப்போகும்.

பூத்த பிறகு செடி வாடுவதைப் பார்த்து, ஏதோ நோய் வந்துவிட்டது என்று தண்ணீரும் உரமும் கொட்டுகிறவர்கள் உண்டு. அது நோய் இல்லை. அதன் ஆயுள் அவ்வளவுதான். வாழைத்தார் போட்ட மரம் சாய்வதற்கு நாம் வருத்தப்படுவதில்லையே. வாழைக்காவது பக்கக் கன்று இருக்கும், மல்லீனுக்கு விதை மட்டும்தான்.

வருடா வருடம் பூ வேண்டும் என்றால் வருடா வருடம் கொஞ்சம் விதைத்துவிடுங்கள். ஒரு பக்கம் தண்டு நிற்கும்போது இன்னொரு பக்கம் இலைவட்டம் தயாராகிக்கொண்டிருக்கும்.

விதையை எப்படிப் போடுவது?

விதை கசகசாவைவிடச் சிறியது, பழுப்பு நிறம். அதை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மல்லீன் விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். கீரை விதைக்குப் போடுவது போல மேலே மண் தூவினால், அரை அங்குல ஆழத்தில்கூட பெரும்பாலான விதைகள் கண் திறக்காது.

மண்ணைக் கொத்திச் சமன் செய்து, கொஞ்சம் மணலோடு விதையைக் கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். புல், மரத்தூள், இலைச்சருகு எதுவும் மேலே மூடியிருக்கக் கூடாது. தெளிப்பானில் ஈரப்படுத்தினால் போதும், குடத்திலிருந்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். மண் கொஞ்சம் சூடாக, 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

எங்கள் பக்கம் இரண்டு காலம் ஒத்துவருகிறது. ஒன்று, அக்டோபர் கடைசியில் தூவிவிட்டுப் பனிக்கு விட்டுவிடுவது. மற்றது, மே மாதத்தில் உறைபனி நின்ற பிறகு தூவுவது. எனக்குப் பிடித்தது முதலாவது. பனி உருகும்போது விதை தானாக மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. நம் வேலை குறைவு.

முளைத்த பின் நெருக்கமாக உள்ள நாற்றுகளைத் தயவு பார்க்காமல் கலைத்துவிட வேண்டும். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும். இத்துனூண்டு நாற்றைப் பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் ஒரே வருடத்தில் இலைவட்டம் இரண்டடி அகலத்துக்கு வந்துவிடும்.

நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாமா?

நான்கைந்து இலை இருக்கும்போது, சுற்றிலும் உள்ள மண்ணோடு பெயர்த்து நட்டால் பிழைக்கும். அதற்கு மேல் வேண்டாம். ஆணிவேர் ஒடிந்தால் செடி நின்றுவிடும், பிழைத்தாலும் தண்டு குட்டையாகத்தான் வரும். சாலையோரத்தில் பார்த்த பெரிய செடியைப் பிடுங்கி வந்து நடும் ஆசையை விட்டுவிடுங்கள். நாற்றங்கால் தட்டில் வளர்க்கிறவர்கள் ஆழமான குழிகள் உள்ள தட்டாகப் பார்த்து எடுங்கள்.

எந்த மண், என்ன உரம்?

மோசமான மண். உரம் வேண்டாம்.

சொன்னால் நம் ஆட்களுக்கு மனசு கேட்காது. செடி என்றால் எரு போட வேண்டும், முட்டை ஓடு, டீத்தூள், கழுநீர் என்று ஏதாவது ஊற்ற வேண்டும் என்றே வளர்ந்திருக்கிறோம். நானும் முதல் தடவை நல்ல மக்கின உரம் ஒரு மூட்டை கலந்துதான் நட்டேன். இலைவட்டம் அபாரமாக வந்தது. அடுத்த ஆண்டு தண்டும் மளமளவென்று ஏறியது. ஜூலையில் ஓர் இடிமழைக்கு அடியோடு சாய்ந்தது. வெட்டிப் பார்த்தால் தண்டு முழுக்க நீர், உள்ளே வலுவே இல்லை. அதே வருடம் சரளைக்குள் தானாக முளைத்திருந்த செடி ஓரடி குறைவான உயரத்தில், முட்டுக்கொடுக்காமலே நிமிர்ந்து நின்றது.

மணல், சரளை, சுண்ணாம்புச் சத்து உள்ள மண், எதுவானாலும் தண்ணீர் நிற்காமல் இறங்க வேண்டும். களிமண் நிலம் என்றால் பாதிக்குப் பாதி சரளை கலந்து மேடு கட்டி அதில் விதையுங்கள். வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நிழலில் முளைத்தது இலை மெலிந்து வெளுத்துப்போகும்.

தண்ணீர் எவ்வளவு?

நாற்று வேர் பிடிக்கும் வரை மேல்மண் காய்ந்தால் கொஞ்சம் தெளியுங்கள். அப்புறம் மழை போதும். ஒரு மாதம் மழையே இல்லாவிட்டால் ஒரு முறை வேர்ப்பக்கம் ஊற்றலாம்.

இந்தச் செடியின் அமைப்பே தண்ணீரைத் தானே பார்த்துக்கொள்வதற்கு ஏற்றது. கம்பளி ரோமம் காற்றையும் வெயிலையும் இலைத்தோலுக்கு நேராகப் படவிடாது. தண்டில் உள்ள இலைகளைக் கவனித்துப் பாருங்கள். இலையின் அடி தண்டோடு ஒட்டிக் கீழே வரை இறங்கியிருக்கும். மேலே பெரிய இலை, அதற்குக் கீழே இன்னும் பெரியது என்று அடுக்கியிருப்பதால் மழைநீர் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு ஓடி, நேராக வேரடியில் வந்து இறங்கும். மழை பெய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் கண்கூடாகத் தெரியும். எனக்கு இந்தச் செடி மேல் ஆசை வந்ததே அப்படி ஒரு மழைநாளில்தான்.

மேலிருந்து தினமும் தண்ணீர் அடிக்காதீர்கள். ரோமத்துக்குள் ஈரம் தங்கி இலை அழுகும்.

தொட்டியில் வருமா?

வரும், ஆழமான தொட்டியாக இருந்தால். ஒன்றரை அடி ஆழம் வேண்டும், அடியில் பெரிய துளை வேண்டும், மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சரளை வேண்டும். தண்டு ஏறிய பின் காற்றில் தொட்டியோடு கவிழும் என்பதால் சுவரோரம் வையுங்கள். உண்மையைச் சொன்னால், தரையில் வளர்வதில் பாதி அழகுகூட தொட்டியில் வராது.

குளிர்காலத்தில் மூடி வைக்க வேண்டுமா?

வேண்டாம். பனி மூடினால் நல்லது, அதுவே போர்வை. உறைபனியால் செத்த மல்லீனை நான் பார்த்ததில்லை. ஈரத்தில் அழுகியவை உண்டு. பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் செடியைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். வெளி இலைகள் கறுத்துக் கூழாகியிருந்தால் பிய்த்து எறிந்துவிடுங்கள். நடுக்குருத்து வெள்ளையாக, உறுதியாக இருந்தால் செடி நலமாக இருக்கிறது.

இரண்டாம் வருடமும் தண்டு வரவில்லையே?

அளவு போதவில்லை என்று அர்த்தம். மல்லீன் நாள்காட்டியைவிட உடம்பைத்தான் பார்க்கும். குளிர் தொடங்கும்போது இலைவட்டம் சின்னதாக, ஒரு சாசர் அளவுக்கே இருந்தால், அடுத்த வருடமும் இலைவட்டமாகவே இருந்து சேமிப்பைத் தொடரும். மூன்றாம் வருடம் பூக்கும். நெருக்கமாக நட்டவை, நிழலில் உள்ளவை, கோடைக் கடைசியில் முளைத்தவை இப்படிச் செய்யும். பிடுங்கி எறியாமல் பொறுத்திருங்கள்.

பூ எப்படி இருக்கும்? எவ்வளவு நாள் பூக்கும்?

ஐந்து இதழ், ஒரு விரல் அகல மஞ்சள் பூ. ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள்தான் வாழ்வு. விடிவதற்கு முன் விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ எதுவும் வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால், மூடும் நேரத்தில் தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு விதை வைத்துவிடும். கதிர் முழுக்க ஒரே சமயத்தில் பூக்காது. இங்கே பத்து, அங்கே ஐந்து என்று விட்டுவிட்டு ஜூன் கடைசி முதல் ஆகஸ்டு கடைசி வரை போகும். ஆகவே பூவைப் பார்க்க வேண்டும் என்றால் காலை காப்பியோடு போய் நில்லுங்கள்.

ஐந்து மகரந்தத் தாள்களில் மேலே உள்ள மூன்று குட்டையாக, பஞ்சு சுற்றியது போல இருக்கும். கீழே உள்ள இரண்டு நீளம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

தேனீக்களில் ஒரு வகை பூவுக்கு வராமல் இலைக்கு வரும். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்து பரவிய கம்பளித் தேனீ அது. பெண் தேனீ இலையின் ரோமத்தைத் தாடையால் வழித்து, பந்தாகச் சுருட்டி எடுத்துப்போய்க் கூட்டுக்குள் மெத்தை போடும். இலையில் கோடு கோடாக மொட்டையடித்த இடங்கள் தெரிந்தால் அதன் வேலைதான். மருந்து அடித்துவிடாதீர்கள், செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பூச்சி, நோய்?

அதிகம் வராது. ஆடு மாடு, மான், முயல் எதுவும் இந்த ரோமத்தில் வாய் வைக்காது.

இங்கிலாந்து, ஐரோப்பாவில் இருப்பவர்கள் மே முதல் ஜூலை வரை ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்ப்பீர்கள். பெயர்தான் கம்பளி, மேனி வழுவழுப்பாக, வெள்ளையில் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகள் வைத்து அழகாக இருக்கும். மல்லீன் அந்துப்பூச்சியின் புழு அது. இலையைச் சல்லடையாக்கிவிடும். கையால் எடுத்துவிடலாம். ஒரு செடியை அவற்றுக்கென்றே விட்டுக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம்தான் நானும். செடி பெரும்பாலும் மீண்டுகொள்ளும்.

காய்களுக்குள் ஒரு சிறு கூன்வண்டு குடியிருக்கும். அதன் புழுக்கள் விதையைத் தின்னும். விதைப் பெருக்கம் அதனால் குறைகிறது என்பதால் அதை நண்பனாகவே கருதுங்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் இலையில் சாம்பல் நோய் வரும், இடைவெளி விட்டு நட்டால் சரியாகும்.

சில வருடம் தண்டின் உச்சி பட்டையாகி, சேவல் கொண்டை போல விரிந்து வரும். நோய் என்று பயப்பட வேண்டாம், வளர்நுனியில் நேரும் மாற்றம் அது.

இது களை என்கிறார்களே, வளர்ப்பது சரியா?

நியாயமான கேள்வி. வளர்க்கிறவர்கள் தங்களைத் தாங்களே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும்கூட.

ஒரு செடி 1 லட்சத்துக்கு மேல் விதை வைக்கும். பெரிய செடி என்றால் 1,80,000 வரை போகும். விதைக்கு இறகு கிடையாது, காற்றில் பறக்காது. தண்டு ஆடும்போது சில அடி தூரத்துக்குள் உதிர்ந்துவிடும். அதனால் பக்கத்து ஊருக்குப் பரவும் பயம் குறைவு. பிரச்சினை தூரத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

1879ல் அமெரிக்காவில் மிச்சிகன் வேளாண் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் பீல் ஒரு சோதனை தொடங்கினார். களை விதை மண்ணுக்குள் எத்தனை வருடம் உயிரோடு கிடக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். 20 பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஈர மணலோடு 21 வகை விதைகள், வகைக்கு 50. மூடி போடாமல், தண்ணீர் உள்ளே தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் புதைத்தார். 5 வருடத்துக்கு ஒன்று என்று எடுக்கத் தொடங்கி, பிறகு 10 வருடம், இப்போது 20 வருடத்துக்கு ஒன்று எடுக்கிறார்கள். 2000ல் எடுத்த பாட்டிலில் அந்து மல்லீன் என்ற நெருங்கிய இனத்தின் 50 விதைகளில் 23 முளைத்தன. அடுத்தது 2020ல் எடுத்திருக்க வேண்டியது, கொரோனாவால் 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. விதைமேல் சூரிய வெளிச்சம் பட்டுவிடக் கூடாது என்று விடியும் முன் இருட்டில் தோண்டினார்கள். 141 வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்த பிறகும் மல்லீன் முளைத்தது. முளைத்தவற்றில் ஒன்று அந்து மல்லீனும் நம் சாதாரண மல்லீனும் கலந்த செடி என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. அடுத்த பாட்டில் 2040ல்.

இதைப் படித்த அன்றிலிருந்து என் தோட்டத்தில் ஒரு கதிரைக்கூட முழுசாக விதை சிந்த விட்டதில்லை. நாம் அசட்டையாக விடும் ஒரு தண்டு, நம் பேரன் பேத்திகளின் காலம் வரைக்கும் அந்த மண்ணில் வேலை வைக்கும்.

கொலராடோ, ஹவாய் மாநிலங்களில் இதைச் சட்டப்படி களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஹவாயின் எரிமலைச் சரிவுகளில் வேறெங்கும் இல்லாத சொந்தச் செடிகள் இருக்கின்றன. அங்கே இது ஏறியது உண்மையிலேயே பெரிய சேதம். அந்த மாதிரி இடங்களில் இருப்பவர்கள் இதை வளர்க்கவே கூடாது. மற்றவர்களும் விதைப்பதற்கு முன் உங்கள் மாநிலத்துக் களைப் பட்டியலை ஒரு முறை பாருங்கள்.

அப்படியானால் தண்டை எப்போது வெட்டுவது?

கதிரில் முக்கால் பங்கு பூத்து முடிந்து, அடிக்காய்கள் பச்சையாக உப்பியிருக்கும்போது. பழுப்பாகும் வரை காத்திருந்தால் வெட்டும் அசைவிலேயே விதை கொட்டும். வெட்டிய கதிரை மக்கும் குழியில் போடாதீர்கள், சாதாரணக் குழியின் சூட்டுக்கு அந்த விதை சாகாது. பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். வெட்டிய பிறகு பக்கவாட்டில் சின்னக் கதிர்கள் எழும்பும், அவற்றையும் மறக்காதீர்கள்.

அடுத்த விதைப்புக்கு வேண்டும் என்றால் ஒரு கதிரின் நுனியில் மட்டும் காகிதப் பையைக் கட்டி, பை உள்ளேயே காய் வெடிக்க விடுங்கள். ஒரு சிட்டிகை விதை இருந்தால் தெருவுக்கே போதும்.

வேண்டாத இடத்தில் முளைத்த இலைவட்டத்தை, மழை பெய்த மறுநாள் ஆணிவேரோடு இழுத்துவிடலாம். மேல் இலைகளை மட்டும் அரிந்தால் மறுபடி தழைக்கும். களைக்கொல்லி அடித்தால் ரோமத்தின் மேலேயே முத்து முத்தாக நின்று வழிந்துவிடும், பணம்தான் வீண்.

முதல் வருட இலையைப் பார்த்து இதுதான் மல்லீன் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் முதல் வருட இலைவட்டம் மல்லீனைப் போலவே இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் ஊதாக் குழல் பூக்களோடு அதைப் பார்த்திருப்பீர்கள். அது இதயத்தைத் தாக்கும் விஷம். இதய மருந்து எடுக்கும் செடி வகை அது, அளவு கொஞ்சம் கூடினாலே ஆளைக் கொல்லும். மல்லீன் என்று நினைத்து அதைக் கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வித்தியாசம் இதுதான். மல்லீன் இலை இரு பக்கமும் தடித்த கம்பளி, சாம்பல் பூத்த வெளிர்பச்சை, ஓரம் பெரும்பாலும் மழுங்கலாக இருக்கும். ஃபாக்ஸ்குளோவ் இலையில் ரோமம் மென்மையாக, மெல்லியதாக இருக்கும், மேல்பக்கம் பச்சை நன்றாகத் தெரியும், ஓரத்தில் சின்னப் பற்கள் இருக்கும், அடிப்பக்கத்தில் நரம்புகள் வலை போலப் புடைத்திருக்கும். சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் அந்த வருடம் தொடாதீர்கள். அடுத்த வருடம் பூவைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் இருக்காது.

இருமலுக்கு நல்லது என்கிறார்களே?

ஐரோப்பாவில் பழங்காலம் தொட்டே நெஞ்சுச் சளிக்கும் இருமலுக்கும் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் காலத்திலேயே பேச்சு இருக்கிறது. இன்று ஐரோப்பிய மருந்து முகமை, உலர்ந்த இருமலோடும் சளியோடும் வரும் தொண்டை வலிக்கு மல்லீன் பூவை நெடுங்கால வழக்கம் என்ற அடிப்படையில் ஏற்றிருக்கிறது. நோயைக் குணமாக்கும் என்று நிரூபணம் ஆனதாக அதற்கு அர்த்தம் இல்லை. நம் ஊரில் கற்பூரவள்ளிக்கும் தூதுவளைக்கும் என்ன இடமோ அந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் விரிந்த பூக்களை மட்டும் பறித்து நிழலில் காயவைத்து, ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு சின்னக் கரண்டி போட்டு மூடிவைத்துக் குடிக்கலாம். வடிகட்டும்போது டீ வடிகட்டி போதாது. மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். பூவோடு சேர்ந்துவரும் நுண்ணிய ரோமம் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் இருமல் இன்னும் கூடும். இலை பறிக்கும்போது கையுறை போடுங்கள், சிலருக்குத் தோல் அரிக்கும்.

சாலையோரச் செடியில் பறிக்காதீர்கள். அந்தக் கம்பளி, போகிற வருகிற வண்டிப் புகையையும் தூசியையும் அப்படியே பிடித்து வைத்திருக்கும், கழுவினாலும் போகாது. விதையைச் சாப்பிடவே கூடாது. மீனை மயக்கிப் பிடிக்க அந்தக் காலத்தில் விதையை அரைத்துக் குளத்தில் கலந்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பூ ஊறிய எண்ணெயைக் காதுவலிக்கு விடும் பழக்கமும் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து, ஓட்டை இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே காதுவலி என்றால் டாக்டரிடம் போங்கள்.

இலையைச் சுருட்டிப் புகைத்தால் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று இப்போது நிறைய காணொளிகள் வருகின்றன. எந்தப் புகையும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

தோட்டத்துக்கு வேறு அழகான மல்லீன் வகைகள் இருக்கின்றனவா?

நிறைய. இந்தப் பேரினத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள், அவற்றில் பெரும்பகுதி துருக்கியில். துருக்கியிலிருந்து வந்த வெர்பாஸ்கம் பாம்பிசிஃபெரம் தலை முதல் கால் வரை வெள்ளிப் பட்டுப்போல இருக்கும். வெர்பாஸ்கம் ஒலிம்பிகம் குத்துவிளக்கு மாதிரி பல கிளை விட்டுப் பூக்கும். ஊதா நிறம் வேண்டுமானால் வெர்பாஸ்கம் ஃபீனீசியம், அது சில வருடம் உயிரோடிருக்கும். கறுப்பு மல்லீன் எனப்படும் வெர்பாஸ்கம் நைகிரமும் பல வருடச் செடிதான். நாற்றுப்பண்ணைகளில் பாதாமி நிறம், இளஞ்சிவப்பு என்று விற்கும் கலப்பினங்கள் விதையில் அதே நிறத்தைத் தராது. குளிர்காலக் கடைசியில் பென்சில் தடிப்புள்ள வேரை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி மணலில் ஊன்றினால் தாய் போலவே குட்டி வரும்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வளருமா? விதை அனுப்ப முடியுமா?

ஊரிலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. நம் சமவெளியில் விதை முளைக்கலாம், ஆனால் பூக்கத் தேவையான குளிர் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழையில் இலைவட்டம் அழுகவும் செய்யும். ஊட்டியில் குளிர் இருக்கிறது, அதனாலேயே அங்கே வேண்டாம் என்கிறேன். வெளியிலிருந்து கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் ஸ்காட்ச் புரூம் என்ற புதரும் நீலகிரியின் புல்வெளிகளை எந்த அளவுக்கு விழுங்கியிருக்கின்றன என்று பார்த்தாகிவிட்டது. நூறு வருடம் மண்ணுக்குள் காத்திருக்கும் இன்னொரு விதையை அங்கே கொண்டுபோகக் கூடாது. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டு விதையை இந்தியாவுக்குக் கொண்டுவருவதும் சட்டவிரோதம். ஆகவே யார் கேட்டாலும் அனுப்புவதில்லை.

ஆனால் மல்லீனின் சொந்தக்காரச் செடி ஒன்று உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். வெர்பாஸ்கம் சைனென்ஸ் என்ற இனம் இந்தியச் சமவெளிகளில் தரிசிலும் ஈரம் காய்ந்த வயல்களிலும் இயல்பாக முளைக்கிறது. பழைய தாவரவியல் நூல்களில் அதன் பெயர் செல்சியா கோரமண்டலியானா, அதாவது சோழமண்டலக் கரையின் செடி. இவ்வளவு கம்பளி இருக்காது, உயரமும் குறைவு, ஆனால் தண்டில் வரிசையாக அதே மஞ்சள் பூ. குளிர் மாதங்களில் வயல் பக்கம் போனால் கொஞ்சம் குனிந்து தேடிப் பாருங்கள். இருமலுக்குத்தான் செடி வேண்டும் என்றால், மாடியில் ஒரு தொட்டி கற்பூரவள்ளி வையுங்கள்.

காய்ந்த தண்டை என்ன செய்வது?

விதைக் கதிரை நீக்கிய பின் வெறுந்தண்டை வசந்தம் வரைக்கும் நிற்க விடுங்கள். தண்டுக்குள் பஞ்சு போல இருக்கும் சோற்றில் சில சின்னப் பூச்சிகள் குளிரைக் கழிக்கும். அவற்றைத் தேடிச் சின்ன மரங்கொத்தி ஜனவரியில்கூட வந்து தட்டும். ஐரோப்பாவில் முன்பெல்லாம் கதிரைக் கொழுப்பில் தோய்த்துப் பந்தமாகக் கொளுத்தியிருக்கிறார்கள், காய்ந்த இலையின் ரோமத்தைத் திரித்து விளக்குத் திரியாக்கியிருக்கிறார்கள். போன கார்த்திகைக்கு நானும் ஓர் இலையைக் காயவைத்துத் திரித்து, அகலில் நல்லெண்ணெய் விட்டு ஏற்றிப் பார்த்தேன். பஞ்சுத் திரியைவிடக் கொஞ்சம் புகை அதிகம், ஆனால் வாசல்படியில் அரை மணி நேரம் நின்று எரிந்தது.